எதைச் சொல்வது, எதை மறைப்பது: சில புதிய நாவல்கள்

நேயர்களுக்கு வணக்கம். அண்மையில் வந்த சில நாவல்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். துப்பறியும் கதை, வரலாறு, விண்வெளி, காதல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிப்பவன் நான். இது இலக்கியம், அது வெறும் பொழுதுபோக்கு என்று தட்டு பிரித்து வைப்பது எனக்குப் பிடிக்காது. எந்த நாவலை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். எழுத்தாளர் நம்மிடம் எதைச் சொல்கிறார், எதை மறைக்கிறார், மறைத்ததை எப்போது எடுத்து வைக்கிறார்?

"கதைதான் தெரிஞ்சுபோச்சே, இனி என்னத்தைப் படிக்கிறது?" என்று அலுத்துக்கொள்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்காக ஒரு நாவலைச் சொல்கிறேன். பெர்சிவல் எவரெட் எழுதிய 'ஜேம்ஸ்'. 2024இல் வெளிவந்தது, 2025இல் புலிட்சர் பரிசு பெற்றது. மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் கதையைப் பள்ளி நாட்களில் சுருக்கமாகவாவது படித்திருப்பீர்கள். ஹக் என்ற சிறுவனும் தப்பியோடிய அடிமையான ஜிம்மும் மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் போவார்கள். அந்தக் கதையை ஹக் சொன்னான். 'ஜேம்ஸ்' நாவலில் ஜிம்மே சொல்கிறார். ஆக, பாதிக் கதை நமக்கு முன்பே தெரியும்.

தெரிந்தும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. காரணம், ஆரம்பத்திலேயே வரும் ஒரு காட்சி. ஜேம்ஸ் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறார். வெள்ளைக்காரர்கள் முன்னால் கொச்சையாக, தட்டுத்தடுமாறிப் பேசுவது எப்படி என்பதுதான் பாடம். எஜமானியின் அடுப்படியில் தீப்பிடித்தால் என்ன சொல்ல வேண்டும்? "தீ, தீ" என்று கத்தக் கூடாதாம். "ஐயோ அம்மா, அங்கே பாருங்க" என்று சொன்னால் போதும். ஆபத்து இன்னதென்று முதலில் சொல்வது அவர்களாகத்தான் இருக்க வேண்டும், அவர்களுக்குத்தான் எல்லாம் முன்னதாகத் தெரிய வேண்டும் என்று குழந்தைகளே விளக்குகிறார்கள். வீடு பற்றி எரியும்போதுகூடத் தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. அடிமை வாழ்க்கையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாலும் இந்த ஒரு பாடத்தின் கனம் வராது என்பேன்.

சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்' நேர் எதிர். மறைக்க எதுவுமே இல்லாத நாவல். 2024இன் புக்கர் பரிசு இதற்குத்தான், நூற்று முப்பத்தாறே பக்கம். ஆறு பேர் விண்வெளி நிலையத்தில் இருக்கிறார்கள். ஒரே நாளில் பூமியைப் பதினாறு முறை சுற்றி வருகிறார்கள். சண்டை இல்லை, விபத்து இல்லை. கீழே ஒரு பெரும்புயல் திரண்டு கரையை நோக்கிப் போகிறது, இவர்களால் பார்க்க மட்டுமே முடியும். ஜப்பானியப் பெண் ஒருத்தியின் தாய் பூமியில் இறந்துபோகிறார், அவளால் இறங்கிப் போக முடியாது. அவ்வளவுதான். பொறுமை வேண்டும், சில இடங்களில் வருணனை எனக்கே திகட்டியது. ஆனாலும் தாயின் சாவுக்குப் போக முடியாத அந்த மகள் மனதை விட்டு இறங்க மறுக்கிறாள்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் கதைக்கு வருகிறேன். மறைப்பதுதான் இங்கே தொழில். ஆனால் மறைப்பதற்கும் ஏமாற்றுவதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. 1929இல் ரொனால்டு நாக்ஸ் என்பவர் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை எழுதி வைத்தார். அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், துப்பறியும் நாவல்களும் எழுதியவர். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். இதுவரை யாரும் கண்டுபிடிக்காத விஷம் கூடாது. ரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது! அப்புறம், எனக்கு உயிரான விதி: துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் அப்போதே கிடைத்தாக வேண்டும். அடுத்த ஆண்டு லண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் சங்கம் தொடங்கியபோது, உறுப்பினர்கள் இதையொட்டி உறுதிமொழியே எடுத்துக்கொண்டார்கள். வாசகரிடமிருந்து தடயத்தை ஒளிக்க மாட்டோம் என்று எழுத்தாளர்கள் கூடிச் சத்தியம் செய்தார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய மரியாதை!

இப்போது வரும் பல நாவல்களில் அந்த மரியாதை இல்லை. கடைசி இருபது பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு இரட்டைச் சகோதரர் வந்து குதிக்கிறார். கதை சொல்பவரே கொலையைச் செய்துவிட்டு, தன் மனதுக்குள்கூட அதை நினைக்காமல் முந்நூறு பக்கம் ஓட்டுகிறார். நம்மைத் திடுக்கிட வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மறுபடி சொல்கிறேன், மறைப்பது வேறு, ஏமாற்றுவது வேறு. நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். முடித்ததும் முதல் ஐம்பது பக்கத்தைத் திரும்பப் படிப்பேன். 'அட, இங்கேயே சொல்லியிருக்கிறாரே' என்று தோன்றினால் அது நல்ல நாவல்.

லிஸ் மூர் எழுதிய 'த காட் ஆஃப் த வுட்ஸ்' (2024) இந்தச் சோதனையில் தேறியது. 1975 ஆகஸ்டில் காட்டுக்குள் நடக்கும் ஒரு கோடை முகாமில் பார்பரா என்ற பதின்மூன்று வயதுப் பெண் காணாமல் போகிறாள். காலையில் படுக்கை காலி. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் அவளுடைய அண்ணனும் காணாமல் போயிருக்கிறான். கதை ஆண்டுகளுக்குள் முன்னும் பின்னும் போய்வருகிறது. யார், எப்போது, எங்கே என்பதை மட்டும் ஆசிரியர் குழப்புவதே இல்லை. பணக்காரக் குடும்பம் ஒன்று சொல்வதை ஊரே நம்புகிறது, முகாமில் வேலை செய்பவர்கள் சொல்வதை யாரும் நம்புவதில்லை. தடயம் அந்த வேறுபாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு மேல் சொன்னால் நாக்ஸ் பாதிரியார் கோபித்துக்கொள்வார், நீங்களும்தான்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு வகை பாக்கி இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூசன் காலின்ஸின் 'சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்' 2025 மார்ச்சில் வந்தது. அவருடைய முந்தைய 'ஹங்கர் கேம்ஸ்' நாவல்களைப் படித்தவர்களுக்கு, பதின்வயதுப் பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்ல வைத்து அரசாங்கம் நடத்தும் கொடூரப் போட்டியில் ஹேமிட்ச் என்ற பையன் பிழைப்பான் என்பது முதல் பக்கத்துக்கு முன்பே தெரியும். அரசாங்கம் காட்டிய படத்துக்கும் அங்கே நடந்ததற்கும் உள்ள தூரம்தான் தெரியாது. இளையோருக்கான நாவல் என்று ஒதுக்காமல் பெரியவர்களும் படிக்கலாம்.

காதல் நாவல்களைப் பற்றி நிறைய குறித்து வைத்திருந்தேன், அதற்கு இன்னொரு வாய்ப்பு அமைய வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும்: இருவரும் கடைசியில் சேர்வார்கள் என்று தெரிந்துதான் எடுக்கிறோம். அதனால் ஏன் முதல் சந்திப்பிலேயே சேரவில்லை என்பதற்கு ஆசிரியர் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துபோகும் காரணமாக இருந்தால் அடுத்த புத்தகத்தை எடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.