கட்டங்களுக்குப் பின்னால் ஓர் ஆள்

வணக்கம்.

காலையில் பேப்பர் வந்ததும் முதல் பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே உள்பக்கத்துக்குப் போய், தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பேனா முனையைக் கடித்தபடி மின்விசிறியையே வெறித்துக்கொண்டிருக்கும் மனிதர் ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கக்கூடும். இன்று அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். குறுக்கெழுத்துப் பைத்தியம். எதற்கு இந்த வேலை என்று கேட்டால் சொல்வளம் பெருகும் என்பார், வயதான காலத்தில் மறதி வராதாம் என்பார். வருமா வராதா என்று மருத்துவர்கள் சொல்லட்டும். என் கணிப்பு என்னவென்றால், அவர் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஒருவருக்கு முகம் கிடையாது, பாதி நேரம் சொந்தப் பெயரும் கிடையாது. போன மாதம் ஏதோ ஓர் ஊரில் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பிவிட்டு, நிரப்பிய ஒவ்வொரு சொல்லையும் எப்படி ஒளித்துவைக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர் அவர். ரசிகருடைய பற்றெல்லாம் சொற்கள் மேல் என்று நாம் நினைக்கிறோம். அந்த ஆள் மேல் என்று நான் நினைக்கிறேன்.

பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1913 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழின் இணைப்பில், லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டு 'வேர்ட் கிராஸ்' என்று பெயர் வைத்தார். சில வாரங்களில் அச்சுக்கோக்கும் இடத்தில் பெயர் முன்பின்னாகி 'கிராஸ் வேர்ட்' ஆகிவிட்டது, அப்படியே நின்றும்விட்டது. 1924இல் சைமன் அண்ட் ஷஸ்டர் என்ற புதிய பதிப்பகம் தன் முதல் புத்தகமாகக் குறுக்கெழுத்துத் தொகுப்பைப் பென்சிலும் சேர்த்து விற்றது. நாடே பித்துப் பிடித்து அலைந்தது. அதே ஆண்டு 'நியூயார்க் டைம்ஸ்' இது பாவகரமான நேர விரயம் என்று தலையங்கம் எழுதியது. அதே பத்திரிகை 1942 பிப்ரவரியில், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இரண்டு மாதம் கழித்து, தானே குறுக்கெழுத்து போட ஆரம்பித்தது. போர்ச் செய்தியாகவே படித்துக்கொண்டிருக்கும் ஜனங்களுக்கு வேறு ஏதாவது கொடுக்க வேண்டுமே!

ஆனால் நான் சொல்கிற சண்டை சூடு பிடித்தது இங்கிலாந்தில். அமெரிக்கக் குறுக்கெழுத்தில் பெரும்பாலும் பொருளைச் சொல்வார்கள், நாம் சொல்லைக் கண்டுபிடிப்போம். இங்கிலாந்துக்காரர்கள் அதைச் சங்கேதக் குறுக்கெழுத்தாக மாற்றினார்கள். அதில் குறிப்பு ஒரு சாதாரண வாக்கியம் போல அப்பாவியாக நிற்கும். உள்ளே பார்த்தால் ஒரு முனையில் விடையின் பொருள் இருக்கும், மிச்சப் பாதி அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டுவதற்கான வழி. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். தமிழிலேயே ஒன்று பாருங்கள். 'நகரம் குழம்பினால் பாவிகள் போய்ச் சேரும் இடம்', நான்கு எழுத்து. நம் ஊர்ப் போக்குவரத்தைப் பற்றிய புலம்பல் போல இருக்கிறதா? நகரம் என்ற சொல்லின் எழுத்துகளைக் குழப்புங்கள், நரகம் வரும். இன்னொன்று: 'தலையிழந்த மரம் தலைக்கேறும்', இரண்டு எழுத்து. மரத்தின் முதல் எழுத்தை வெட்டினால் ரம். இதில் எங்கும் பொய் இல்லை, அதுதான் முக்கியம். குறிப்பு உங்களை வேறு பக்கம் பார்க்கவைக்கலாம், ஆனால் விடை தெரிந்தபின் திரும்பிப் படித்தால் ஒவ்வொரு சொல்லும் தன் வேலையைச் செய்திருக்க வேண்டும். அஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் போட்ட ஒரு பள்ளித் தலைமையாசிரியர் 1949இல் இதைச் சட்டமாகவே எழுதிவைத்தார். புதிர் அமைப்பவர் தான் சொல்வதையே நினைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் நினைத்ததைச் சொல்லியே ஆக வேண்டும் என்று.

நம் ஆட்களுக்கு இந்தக் குணம் புதிதில்லை. தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூலில் சித்திரகவி எனும் சொல்விளையாட்டுக் கவிதை வகைகளைப் பாருங்கள். சொல்லில் ஒவ்வோர் எழுத்தாகக் கழித்து வேறு வேறு பொருள் வரவைப்பது அக்கரச்சுதகம். நான் சொன்ன மரம்-ரம் அதன் ஏழை உறவுக்காரன். கேள்விகளுக்கு விடை சொல்லி, அந்த விடைகளைச் சேர்த்தால் இன்னொரு விடை வருவது வினாவுத்தரம். பூமகள் யார் என்றால் திரு. போகிறவனை ஏவுகிறவன் என்ன சொல்வான்? ஏகு. போரில் பாயும் சரத்துக்கு வேறு பெயர்? அம்பு. அழகுக்கு? அம். சேர்த்தால் திருவேகம்பம், காஞ்சியில் சிவன் இருக்கும் இடம். லண்டன் பேப்பரில் இன்றைக்கு வந்தாலும் எடுபடும் குறிப்பு இது. உடனே 'எல்லாம் இங்கிருந்துதான் போனது' என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், ஆர்தர் வின்னுக்குத் தண்டியைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒளித்துவைப்பதில் சுகம் காண்கிறவர்களும், ஒளித்ததைத் தேடுவதில் சுகம் காண்கிறவர்களும் எந்தக் காலத்திலும் உண்டு. அவ்வளவுதான்.

இந்த ஒளித்துவைக்கிற ஆட்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர்களே ரசமானவை. 'அப்சர்வர்' இதழில் 1926 முதல் டார்க்வமாடா என்று ஒருவர். ஸ்பெயினில் மத விசாரணை என்ற பெயரில் மனிதர்களை வதைத்த தலைமை விசாரணையாளரின் பெயர் அது. அவருக்குப் பின் 1939இல் வந்தவர் ஸிமெனெஸ், அதுவும் ஒரு விசாரணையாளர். 1972இல் அந்த இடத்துக்கு வந்தவர் டேஸா என்ற இன்னொரு விசாரணையாளரின் பெயரைத் தலைகீழாக எழுதி ஆஸெட் ஆனார். அப்படி எழுதினால் ஆங்கில அகரவரிசையின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் சேர்ந்த பெயராகவும் ஆகிவிடுகிறது! வாரா வாரம் வதை வாங்க வாசகர்கள் வரிசையில் நின்றார்கள். இதற்கு நேர்மாறாக 'டைம்ஸ்' நாளிதழ் 1930 பிப்ரவரி 1இல் குறுக்கெழுத்தைத் தொடங்கியபோது பொறுப்பேற்ற ஏட்ரியன் பெல், சஃபோக் கிராமப் பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தவர். அதுவரை ஒரு குறுக்கெழுத்தைக்கூடப் போட்டு முடித்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

போர்க்காலத்தில் அரசாங்கத்தின் கண்ணும் இந்தப் பைத்தியங்கள் மேல் விழுந்தது. 1942 ஜனவரியில் 'டெய்லி டெலிகிராஃப்' தன் அலுவலகத்திலேயே ஒரு போட்டி வைத்தது. 12 நிமிடத்துக்குள் ஒரு புதிரை முடிக்க வேண்டும். சிலர் முடித்தும் காட்டினார்கள். கொஞ்ச நாள் கழித்து, கலந்துகொண்டவர்களில் சிலருக்குப் போர்த் துறையிலிருந்து அழைப்பு வந்தது. ஜெர்மானியச் சங்கேதங்களை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க்கில் வேலை. எதிராளி எப்படி ஒளித்திருப்பான் என்று எதிராளியின் மண்டைக்குள் புகுந்து யோசிக்கிற பழக்கம் இவர்களுக்கு ஏற்கெனவே இருந்ததே.

அதே 'டெலிகிராஃப்' இரண்டு வருடம் கழித்து உளவுத்துறையைத் தூங்கவிடாமல் செய்தது. 1944 மே மாதம், நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்க நாள் குறித்துக் காத்திருக்கின்றன. உலகத்திலேயே பெரிய ரகசியம் அதுதான். அந்த வாரங்களில் குறுக்கெழுத்து விடைகளாக யூட்டா வருகிறது, ஒமாஹா வருகிறது. இரண்டும் படை இறங்கவிருந்த கடற்கரைகளின் ரகசியப் பெயர்கள். அப்புறம் ஓவர்லார்ட், மொத்தத் திட்டத்தின் பெயரே அதுதான். பிறகு மல்பெரி, கடைசியில் நெப்டியூன், இவையும் அதே திட்டத்தின் ரகசியப் பெயர்கள். புதிர் போட்டவர் லெனர்ட் டாவ், லண்டன் குண்டுவீச்சுக்குத் தப்பி சர்ரே பக்கம் இடம் மாறியிருந்த ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். எம்ஐ5 என்ற உளவுத்துறையின் ஆட்கள் வந்து அவரைக் குடைந்தெடுத்தார்கள், ஒன்றும் கிடைக்காமல் திரும்பினார்கள். தற்செயல் என்று பல வருடம் பேச்சு ஓடியது. 1984இல்தான் அவருடைய பழைய மாணவர் ரொனால்ட் ஃப்ரெஞ்ச் வாயைத் திறந்தார். டாவ் காலிக் கட்டங்களைக் கொடுத்து மாணவர்களைச் சொற்களால் நிரப்பச் சொல்வாராம், குறிப்பை மட்டும் பிறகு தான் எழுதிக்கொள்வாராம். பள்ளிக்குப் பக்கத்தில் படைமுகாம். சிப்பாய்களோடு சுற்றிக்கொண்டிருந்த பையன்கள் அங்கே காதில் விழுந்த சொற்களைக் கட்டத்தில் போட்டுவிட்டார்கள் என்பது ஃப்ரெஞ்ச் சொன்ன கதை. இதை முழுதாக நம்பாதவர்களும் உண்டு. எனக்கு நம்பத்தான் ஆசை. உளவுத்துறை ஜெர்மன் ஒற்றனைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது, இருந்ததோ வகுப்பில் பொழுது போகாத பதினான்கு வயதுப் பையன்.

அப்புறம் அரகேரியா. இவரைச் சொல்லாமல் இந்த உரையை முடித்தால் ரசிகர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். உண்மைப் பெயர் ஜான் கிரஹாம், ஆங்கிலிகன் பாதிரியார். 1958 முதல் 'கார்டியன்' இதழில் புதிர் போட்டார். மணமுறிவு ஏற்பட்டதால் திருச்சபை வேலை போயிற்று. அந்தக் காலத்து விதி அப்படி. அதன்பிறகு குறுக்கெழுத்தே ஜீவனம். அரகேரியா என்பது ஒரு மரத்தின் தாவரவியல் பெயர், குரங்குக்கே ஏறத் தெரியாது என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'மங்கி பசில்' என்பார்கள். அதற்கு 'சிலி பைன்' என்றும் ஒரு பெயர் உண்டு. 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' இதழுக்கு எழுதும்போது இவர் சினிஃபைல் என்று பெயர் வைத்துக்கொண்டார். திரைப்பட ரசிகர் என்று பொருள், ஆனால் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் அதே சிலி பைன்! பெயரில்கூட நேராக நிற்க மாட்டாத மனிதர்.

2013 ஜனவரியில் அவருக்கு வயது 91. 'கார்டியன்' இதழில் வந்த அவருடைய புதிருக்கு மேலே ஒரு வரி. அரகேரியாவுக்கு 19இன் 18 வந்திருக்கிறது, அதற்கு 13, 15 முறையில் சிகிச்சை நடக்கிறது என்று. எண்களின் இடத்தில் என்ன வரும் என்று கட்டங்களை நிரப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாசகர்கள் காபியோடு உட்கார்ந்து வழக்கம்போல ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போனார்கள். 18 புற்றுநோய். 19 உணவுக்குழாய். 13ம் 15ம் சேர்ந்தால் நோயைக் குணமாக்குவதற்கல்ல, வலியைத் தணிப்பதற்கான பராமரிப்பு. எண்டோஸ்கோபியும் ஸ்டென்ட்டும்கூட விடைகளில் இருந்தன. அரை நூற்றாண்டாகத் தங்களோடு மல்லுக்கட்டிய மனிதர், தான் சாகப்போகிற சேதியைத் தங்களுக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொல்லிவிட்டார் என்று அவர்களுக்குப் புரிந்தது. கடிதங்கள் குவிந்தன. அந்த நவம்பரில் அவர் இறந்தார், கடைசி மாதங்களிலும் புதிர் போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு பிரபலம் பேட்டி கொடுத்து நோயை அறிவிப்பதற்கும் இதற்கும் எத்தனை தூரம்! அரகேரியாவின் வாசகர் அந்தச் சேதியைக் கேட்கவில்லை, தன் கையாலேயே எழுதினார்.

அமெரிக்கர்களைக் குறைத்துச் சொல்லிவிட்டேனோ? அவர்களிடம் வேறு வித்தை உண்டு. 1996 நவம்பர் 5, கிளின்டனுக்கும் பாப் டோலுக்கும் அதிபர் தேர்தல் நாள். அன்றைய 'நியூயார்க் டைம்ஸ்' புதிரில் நடுவரிசை, நாளைய தலைப்புச் செய்தி என்ன என்று கேட்டது. கிளின்டன் ஜெயித்தார் என்று எழுதினாலும் பொருந்தியது, பாப் டோல் ஜெயித்தார் என்று எழுதினாலும் பொருந்தியது, இரண்டு பெயருக்கும் ஆங்கிலத்தில் ஏழெழுத்து. அந்த ஏழு எழுத்துகளையும் குறுக்கே வெட்டிய சொற்களெல்லாம் இருவிடை கொண்டவை. ஹாலோவீனின் கறுப்புப் பிராணி என்றால் பூனையும் (cat) சரி, வௌவாலும் (bat) சரி. ஜெரமையா ஃபாரல் என்ற கணிதப் பேராசிரியரின் கைவரிசை. நாளிதழ் முன்கூட்டியே முடிவைச் சொல்லிவிட்டது என்று கோபப்பட்டு போன் போட்டவர்கள் இரண்டு கட்சியிலும் இருந்தார்களாம்.

அங்கே வில் ஷார்ட்ஸ் 1978இல் தொடங்கிய போட்டி ஒன்று ஆண்டுதோறும் நடக்கிறது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே மண்டபத்தில் குனிந்து உட்கார்ந்து கடிகாரத்தோடு ஓடுவார்கள். 2021இல் அதில் மனிதர்களையெல்லாம் தாண்டி அதிகப் புள்ளி எடுத்தது டாக்டர் ஃபில் என்ற கணினி நிரல். இனிமேல் குறுக்கெழுத்துக்கு வேலையில்லை என்று சிலர் பேசினார்கள். எனக்குக் கவலையே வரவில்லை. டாக்டர் ஃபில் கட்டத்தை நிரப்பியது, ஆனால் 'அடப் பாவி, இப்படி ஏமாற்றிவிட்டாயே' என்று யாரையும் திட்டவில்லையே.

சென்னையிலும் இந்தச் சண்டைக்கு நல்ல வம்சாவளி உண்டு. 'தி இந்து' நாளிதழின் ஆங்கிலக் குறுக்கெழுத்தை ஆரம்ப காலத்தில் அமைத்தவர் வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. 1958இல் இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவர்தான்! ஓய்வு பெற்றபின் இது.

தமிழில் கட்டம் போடுவது தனிப்பாடு. ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஒரு சொல்லின் நடுவில் வருகிற எழுத்தைக் கொண்டு இன்னொரு சொல்லைத் தொடங்குவது சுலபம். நமக்கு 247. ஒரு 'கோ' இன்னொரு 'கோ'வோடுதான் குறுக்கே சேரும். கலவையின் எழுத்துகளைக் கலைத்தால் கவலை வரும்போலத் தோன்றும், வராது, ஏனென்றால் 'வை'யும் 'லை'யும் பிரியாத ஜோடிகள். எல்லாவற்றுக்கும் மேலே மெய்யெழுத்து. நம் சொற்களில் பாதி ம், ன், ல், ர் என்று முடிகின்றன, ஆனால் மெய்யில் தொடங்கும் தமிழ்ச் சொல் கிடையாது. ஆகையால் ஒரு சொல் முடிகிற கட்டத்திலிருந்து கீழே இன்னொன்று பெரும்பாலும் கிளம்ப முடியாது. நம் வார இதழ்க் குறுக்கெழுத்துகளில் மட்டும் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் போதாமல் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் இருக்கிறதே, அதற்குக் காரணம் இந்த மெய்யெழுத்துச் சங்கடமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். இத்தனை தடையையும் மீறிச் சங்கேதக் குறுக்கெழுத்தைத் தமிழில் அமைக்கிறவர்கள் இன்று இருக்கிறார்கள், அவர்களோடு தினமும் மல்லுக்கட்ட ஒரு சின்னக் கூட்டமும் இருக்கிறது. கூட்டம் பெரிதாகலாம், தப்பில்லை.

சரி, எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது. ஒன்று மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 'மானைக் கேட்டவருக்குக் கிடைத்த பூ', மூன்றெழுத்து. காட்டுக்குள் போகாதீர்கள், அகராதிக்குள் போங்கள். விடையை நான் சொல்லப் போவதில்லை. வணக்கம்.