பழைய ஹெலிகேமும் புதிய சட்டமும்

நேயர்களுக்கு வணக்கம். கல்யாண வீடியோ எடுப்பவர்களின் கேமராவையும், ஹெலிகேம் என்று நாம் சொல்லும் கேமரா ட்ரோனையும் பழுது பார்ப்பது என் தொழில். ட்ரோன் என்றால் இன்று எல்லோரும் வயலுக்கு மருந்து தெளிப்பதைப் பற்றியும் போரைப் பற்றியும் பேசுகிறார்கள். நான் பேசப்போவது ஸ்டுடியோக்களில் பீரோவுக்கு மேலே பெட்டியோடு தூங்கும் பழைய ட்ரோன்களைப் பற்றி.

ட்ரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனத்தின் முதல் ஃபேன்டம் 2013 ஜனவரியில் வந்தது. அடுத்த சில வருடங்களில் நம் ஊர் கல்யாண வீடியோவின் முகமே மாறிவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தை மேலிருந்து காட்டாத வீடியோ, வீடியோவே இல்லை என்ற நிலைமை. ஃபேன்டம் 3, ஃபேன்டம் 4, மேவிக் ப்ரோ என்று வரிசையாக வந்தன. வீட்டு நகையை அடகு வைத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஒரு சீசன் முகூர்த்தங்களில் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்பது கணக்கு. பலர் எடுத்தும் விட்டார்கள்.

ஆனால், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, 2014 அக்டோபர் 7ஆம் தேதியே ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. விதிகள் வரும்வரை பொதுமக்கள் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்பது அதன் சாரம். விதிகள் நடைமுறைக்கு வந்தது 2018 டிசம்பர் 1ஆம் தேதி. நடுவில் நான்கு வருடம். அந்த நான்கு வருடமும் கடையில் ட்ரோன் கிடைத்தது, கல்யாணத்தில் பறந்தது, பல ஊர்களில் காவல் துறை விழாவையே அது படம் எடுத்தது. சட்டம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம்.

சரி, 2018இல் வந்த விதிகள் என்ன சொல்லின? எடையை வைத்துப் பிரித்தார்கள். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, பிறகு 25 கிலோ வரை சிறியது. ஃபேன்டம் 4 சுமார் 1,380 கிராம். மேவிக் ப்ரோ சுமார் 734 கிராம். இரண்டும் மைக்ரோ. எடையில் பிரச்சினை இல்லை. பிரச்சினை, அனுமதி இல்லாமல் மேலெழும்பாத ட்ரோன் வேண்டும் என்ற நிபந்தனையில். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்திலிருந்து அனுமதி வந்தால்தான் மோட்டாரே சுற்ற வேண்டும். அதற்கான மென்பொருள் ட்ரோனுக்குள் இருக்க வேண்டும். 2015இல் செய்த பொருளுக்குள் 2018ஆம் வருடத்து நிபந்தனை எப்படி இருக்கும்? தயாரித்த கம்பெனி புது ஃபர்ம்வேர், அதாவது ட்ரோனுக்குள் ஓடும் மென்பொருள், எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. வாங்கியவர் கையில் ஒன்றுமில்லை.

அப்புறம் 2020 ஜனவரி. விதிக்கு ஒத்துவராத ட்ரோன் வைத்திருப்பவர்கள் தாங்களாகவே வந்து சொல்லிவிடுங்கள் என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது. ஜனவரி 14 முதல் 31 வரை அவகாசம். காலண்டரைப் பாருங்கள்: 14ஆம் தேதி போகி, மறுநாள் பொங்கல், பிறகு தை முகூர்த்தங்கள் ஆரம்பம். வீடியோக்காரர் ஒருவர் உட்கார்ந்து கணினியில் படிவம் நிரப்பக் கூடிய வாரமா அது? ஜூன் மாதம் இன்னொரு முறை திறந்தார்கள், அது ஊரடங்குக் காலம். பதிவு செய்தவர்களுக்கு ஓர் ஒப்புகை எண் கொடுத்தார்கள். டேன் எண் என்று தொழிலில் சொல்வோம். இந்த எண் ட்ரோனைப் பறக்கவிட உரிமை தராது என்று அந்த அறிவிப்பிலேயே எழுதியிருந்தது. வைத்திருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இன்றும் அந்தத் தாளை லேமினேட் செய்து பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, "லைசென்ஸ் இருக்குண்ணே" என்கிறார்கள். லைசென்ஸ் இல்லை, தம்பி.

2021இல் ஒரே வருடத்தில் இரண்டு விதித் தொகுப்புகள் வந்தன. மார்ச்சில் வந்தது மிகக் கடுமையானது, 25 படிவங்கள். அதில் ஒரு விசித்திரம். 249 கிராம் எடையுள்ள மேவிக் மினி, எடைப்படி நானோதான். ஆனால் 15 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறும், 100 மீட்டருக்கு அப்பால் போகும் திறன் இருந்தால் அடுத்த வகையில் சேர்த்துவிடுவோம் என்றார்கள். ஆகஸ்டு 25ஆம் தேதி வந்த ட்ரோன் விதிகள் 2021 அதை எடுத்துவிட்டது. பெட்டிக்குள் அசையாமல் இருந்த ஒரே ட்ரோன் மார்ச்சில் மைக்ரோ, ஆகஸ்டில் மறுபடி நானோ!

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், அந்த ஆகஸ்டு விதிகள் நல்ல விதிகள். படிவங்கள் 25இலிருந்து 5 ஆயின. விமான நிலையத்தைச் சுற்றி, முன் அனுமதி வாங்கிப் பறக்கவிட வேண்டிய மஞ்சள் மண்டலம் 45 கிலோமீட்டரிலிருந்து 12 கிலோமீட்டராகச் சுருங்கியது. ட்ரோனுக்கான தனி அடையாள எண் வாங்க 100 ரூபாய்தான் கட்டணம். அனுமதி இல்லாமல் எழும்பாத மென்பொருளைக்கூட இப்போதைக்குத் தள்ளிவைத்து, கொண்டுவரும்போது குறைந்தது ஆறு மாதம் அவகாசம் தருவோம் என்றார்கள். தொழிலில் இருப்பவர்கள் மூச்சு விட்டது அப்போதுதான்.

பழைய ட்ரோன்களுக்கும் அதில் ஒரு வழி வைத்திருந்தார்கள். 2021 நவம்பர் 30க்குள் இந்தியாவுக்குள் இருந்த ட்ரோன் என்றால், அதற்கடுத்த 31 நாளுக்குள் விண்ணப்பித்து அடையாள எண் வாங்கலாம். மூன்று நிபந்தனைகள்: டேன் எண் வேண்டும், ஜிஎஸ்டி கட்டிய பில் வேண்டும், டிஜிசிஏ அங்கீகரித்த பட்டியலில் அந்த மாடல் இருக்க வேண்டும்.

அந்த ஜிஎஸ்டி பில் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு ஸ்டுடியோக்காரர் தன் ஃபேன்டம் 3ஐ என் மேஜையில் வைத்தார். கேமராவை ஆடாமல் பிடித்திருக்கும் கிம்பலின் ரிப்பன் கேபிள் கிழிந்திருந்தது. அதைத்தான் சரிசெய்யக் கொண்டுவந்தார். பேச்சுவாக்கில் பதிவைப் பற்றிக் கேட்டார். பேட்டரியை இழுத்து எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் பார்த்தோம், பாதி எழுத்து வியர்வையில் அழிந்திருந்தது. பெட்டிக்குள் பில் பத்திரமாக இருந்தது. தேதி 2015. ஜிஎஸ்டி என்ற வரியே 2017 ஜூலை 1ஆம் தேதிதான் பிறந்தது! வாட் வரி கட்டி, முறையாகக் கடையில் பில் போட்டு வாங்கியவர் அவர். பில்லே இல்லாமல் வாங்கியவரும் அவரும் இப்போது ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு கை மாறி வந்த ட்ரோன் என்றால் இன்னும் மோசம். பில் ஒருவர் பெயரில், டேன் எண் இன்னொருவர் பெயரில், ட்ரோன் மூன்றாமவர் கையில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து மச்சான் பையில் போட்டுக் கொண்டுவந்ததைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்த வழியில் வர முடியாதவர்களுக்கு மிஞ்சுவது டைப் சர்டிஃபிகேட் எனப்படும் வகைச் சான்றிதழ். அது ஒரு மாடலுக்கே வாங்குவது. தயாரிப்பவர்கள் சோதனைக்குக் கொடுத்து வாங்குவார்கள். உற்பத்தியே நின்றுபோன ஃபேன்டமுக்கு இனி யார் போய் வாங்கப் போகிறார்கள்? சரி, புதிது வாங்கலாம் என்றால், 2022 பிப்ரவரி 9ஆம் தேதி வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் முழு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்துவிட்டது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில காரணங்களுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்கள் வரலாம். ஆக, புதிது வராது, பழையதற்குப் பாகம் மட்டும் வரும். என் கடைக்கு வேலை குறையவில்லை என்பதை மறைப்பானேன்? ஆனால் நான் சரிசெய்து கொடுக்கும் ட்ரோனைச் சட்டப்படி பறக்கவிட வழியில்லை என்று தெரிந்தே கொடுப்பது சங்கடம்தான். உள்நாட்டுத் தயாரிப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மருந்து தெளிக்க, நிலம் அளக்க நன்றாகவே இருக்கிறது. கல்யாண மண்டபத்து வாசலில் பையிலிருந்து எடுத்துப் பறக்கவிடும் அளவில், அந்தப் படத்தரத்தில், அந்த விலையில் நான் பார்த்தது அரிது.

மற்ற நாடுகளிலும் சட்டம் மாறியது. அமெரிக்காவில் பதிவு செய்ய வேண்டிய ஒவ்வொரு ட்ரோனும் பறக்கும்போது தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்ப வேண்டும் என்று விதி செய்தார்கள். பழைய ட்ரோனில் அந்த வசதி இல்லை. அதற்காக, வெளியே ஒட்டிக்கொள்ளும் சிறு கருவி ஒன்றை அனுமதித்தார்கள். பறக்கவிடுபவர்கள் 2023 செப்டம்பர் 16க்குள் மாற வேண்டும் என்று தேதி வைத்து, கருவி போதுமான அளவில் கிடைக்கவில்லை என்றதும் 2024 மார்ச் 16 வரை நடவடிக்கை எடுக்காமல் பொறுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிறந்ததிலிருந்து புதிய ட்ரோன்களுக்கு, எந்த வகை என்று காட்டும் வகுப்பு முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத பழைய ட்ரோன் 250 கிராமுக்கு மேல் என்றால், ஜனங்கள் இல்லாத இடத்தில், குடியிருப்பிலிருந்து 150 மீட்டர் தள்ளிப் பறக்கவிடலாம். ஊருக்குள் வேலை செய்த மேவிக் 2 ப்ரோ வயல்வெளிக்குப் போய்விட்டது. அங்கேயும் புலம்பல் உண்டு. ஆனாலும் பழைய பொருளுக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள்.

நம் நாட்டில் மோட்டார் வாகனத்துக்கே அப்படி ஒரு இடம் இருக்கிறது. பதினைந்து வருடப் பழைய புல்லட்டை ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஓட்டிப் போய், வண்டி நன்றாக இருக்கிறது என்று காட்டி, ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிக்கிறோம். அங்கே வண்டியைப் பார்க்கிறார்கள். ட்ரோனில் நாம் தாளை மட்டும் பார்த்தோம். பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பதுபோல, சிக்னல் அறுந்தால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிறதா, இறக்கையில் கீறல் இருக்கிறதா, பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். சென்னை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வான்வெளி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நாடு முழுக்க ட்ரோன் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இந்தச் சோதனையைச் செய்து, தலையில் தானே விழாத ட்ரோனுக்கு, கூட்டத்தின் மேல் பறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஓர் எண் கொடுக்கலாம். 2025 செப்டம்பரில் ட்ரோனுக்கென்று தனி மசோதாவின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். சிறைத் தண்டனை வரைக்கும் அதில் இருந்தது. தண்டனையைக் கூட்டுவதற்கு முன் பழைய ட்ரோனுக்கு ஒரு வாசல் வையுங்கள் என்பதே என் கருத்து. வாசல் இல்லாதபோது ஜனங்கள் சுவர் ஏறிக் குதிப்பார்கள். அப்போது எத்தனை ட்ரோன் பறக்கிறது என்று அரசுக்கே தெரியாது.

அதுவரை வீட்டில் பழைய ட்ரோன் வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அடையாள எண் வாங்கியிருந்தால் விற்கும்போது அதை அடுத்தவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்; அவர் பறக்கவிட்டு ஏதாவது ஆனால் தேடி வருவது உங்களை. நானோ தவிர மற்றதற்கெல்லாம் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நானோவுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம், ஆனால் அரசு அனுமதி இல்லாமல் பறக்கவிடவே கூடாத சிவப்பு மண்டலம் அதற்கும் சிவப்புதான். அமைச்சர் வருகை, திருவிழா என்று தற்காலிகமாக 96 மணி நேரம் வரை ஒரு பகுதியைச் சிவப்பாக அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. போன வாரம் பறந்த இடம்தானே என்று ஏற்றிவிடாதீர்கள்.

எண் இல்லாத ட்ரோனைப் பறக்கவிட வேண்டாம் என்றுதான் நான் சொல்ல முடியும். ஆனால் அதன் பேட்டரியைப் பெட்டிக்குள் அப்படியே மறந்துவிடாதீர்கள். முழு சார்ஜிலும் வைக்காமல், காலியாகவும் விடாமல், பாதி சார்ஜில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வீங்கிவிட்டால் குத்திப் பார்க்க வேண்டாம், அழுத்தி உள்ளே தள்ளவும் வேண்டாம், தீப்பிடிக்கும். வீட்டுக் குப்பையோடு போடாமல் மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.