சின்ன ஆத்தின்ர பேரில ஒரு பாட்டுக்காரி

வணக்கம் நேயர்களே. அமெரிக்கத் தெற்குப் பக்கத்துக் கிராமியப் பாணியான கன்ட்ரி பாட்டு எண்ட உடனை யாழ்ப்பாணத்தில கொஞ்சம் வயசான ஆக்களுக்கு ஜிம் ரீவ்ஸ்தான் ஞாபகம் வருவார், மனுசன் 1964இல விமான விபத்தில செத்துப்போனார், ஆனா இலங்கை வானொலி புண்ணியத்தில எங்கட வீடுகளுக்கை அதுக்குப் பிறகும் கனகாலம் பாடிக்கொண்டுதான் இருந்தவர். இண்டைக்கு நான் கதைக்கப்போறது அதே அமெரிக்கத் தெற்குப் பக்கத்தில பிறந்த, இப்பத்தைய பாட்டுக்காரி ஒராளைப் பற்றி. பேர் கேட்டி கிறச்ஃபீல்ட், ஊர் அலபாமாவில பேர்மிங்ஹம். மேடைப் பேர் வாக்ஸஹாச்சி. அது அவவின்ர தாய்தேப்பன்ர வீட்டுப் பக்கம் ஓடுற சின்ன ஆறு, எங்கட பிள்ளை ஒண்டு வழுக்கையாறு எண்டு பேர் வச்சுக்கொண்டு பாட வெளிக்கிட்ட மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ.

சின்னனில கேட்டு வளந்தது கன்ட்ரி, ஆனா பெரிசான பிறகு அதை விட்டிட்டு, தன்ரை இரட்டைச் சகோதரி அலிசனோடை சேந்து பங்க் எண்ட வேகமான, இரைச்சலான றொக் பாண்ட் நடத்தினவ. 2017இல வந்த ‘அவுட் இன் த ஸ்டோம்’ அல்பத்தைக் கேட்டா முழுக்க எலெக்ட்ரிக் கிற்றார் இரைச்சல்தான், நல்ல அல்பம், ஆனா குரல் அந்த இரைச்சலுக்குப் பின்னால நிக்குது. 2018இல குடியை விட்டா. அதுக்குப் பிறகு எழுதின பாட்டுகள்தான் ‘செயின்ட் கிளவுட்’ எண்ட அல்பம், 2020 மார்ச் 27 வெளிவந்தது. மேர்ஜ் எண்ட சுயாதீன கொம்பனி வெளியிட்டது, தயாரிச்சவர் பிராட் குக். நாங்கள் எல்லாரும் ஊரடங்குக்கை வீட்டுக்கை கிடந்த நேரம், நான் போனில ஹெட்செட் போட்டு முழுசாக் கேட்டு முடிச்சிட்டு திருப்பியும் முதல்ல இருந்து போட்டனான்.

என்ன செய்தவ எண்டு கேட்டா, சத்தத்தைக் குறைச்சவ, அவ்வளவுதான். றொக் பாண்டில இருக்கிற அதே சாமான்தான், ட்ரம்ஸ், பேஸ், கிற்றார், ஆனா ஆரும் ஒராளை ஒராள் முந்த வெளிக்கிடேல்லை, கிற்றார் ஒரு வரி வாசிச்சிட்டு ஒதுங்கி நிக்கும், அந்த இடைவெளிக்கை குரல் வரும், அதுவும் எழுத்தை இழுத்து விடுற அந்தத் தெற்கத்திப் பேச்சோடை. முந்தி ஒளிச்சு வச்ச பேச்சு அது. அல்பத்தின்ர பேரும் தேப்பன்ர ஊர்ப்பேர்தான், ஃபுளோரிடாவில இருக்குது. ‘ஃபயர்’ எண்ட பாட்டு, மெம்பிஸில இருந்து மிசிசிப்பி ஆத்துப் பாலத்தைக் கடந்து போகேக்கை தண்ணியில வெயில் பட்டு அக்கரை முழுக்க பத்தி எரியிற மாதிரித் தெரிஞ்சதில வந்தது. தனக்குத் தானே பாடின பாட்டு அது, தன்ரை பிழையளை வச்சுத் தன்னைப் பேசாமல் தன்னிலை அன்பு வைக்கிறதைப் பற்றி.

நடுவில ரெண்டு மூண்டு பாட்டு ஒரே வேகத்திலதான் போகுது, அதையும் சொல்லத்தான் வேணும். 2024இல வந்த ‘டைகர்ஸ் பிளட்’ அல்பம் கிராமி எண்ட அமெரிக்க இசை விருதுப் பரிந்துரை வரைக்கும் போனது, ஆனா எனக்கு ‘செயின்ட் கிளவுட்’தான் கிட்ட.

ஏன் இதை யாழ்ப்பாணத்து வானொலியில வந்து சொல்லுறன் எண்டா, எங்கட பெடியள் பெட்டையள் கனபேர் இப்ப வடிவா கிற்றார் வாசிக்கினம், சொந்தமாப் பாட்டும் எழுதுகினம். வீட்டில எங்கட தமிழில கதைச்சிட்டு மைக்குக்கு முன்னால வந்த உடனை சினிமாத் தமிழுக்கு மாறியிடுகினம். நிலா வரும், மழை வரும், காதல் வரும், ஆனா பண்ணைப் பாலம் வராது, கொடிகாமம் வராது, கடைசி பஸ்ஸை விட்டிட்டு முனியப்பர் கோயிலடியில நிண்ட கதை வராது. சொல்லிசை, அதுதான் ராப், செய்யிற பெடியள் இதை எப்பவோ விளங்கிக்கொண்டிட்டாங்கள், எங்கட பேச்சிலயே பாடுறாங்கள், கிற்றார் பிடிக்கிற பிள்ளையள்தான் இன்னும் கூச்சப்படுதுகள். நீங்கள் எழுதின பாட்டை ஒருக்கா அம்மாவோடை கதைக்கிற மாதிரிப் பாடி போனில றெக்கோர்ட் பண்ணிக் கேளுங்கோ. மெட்டு கொஞ்சம் இடறும், அப்ப மெட்டை மாத்துங்கோ, பேச்சை மாத்தாதேங்கோ.

இப்ப ‘ஃபயர்’ போடச் சொல்லியிருக்கிறன். முதல் வரியிலயே குரல் நல்லா மேல ஏறித்தான் துவங்கும், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சுக் கேளுங்கோ.