உகாலி உருண்டைக்குள் ஒரு பல்

நடுவர் அண்ணாச்சிக்கும், இரண்டு அணியினருக்கும், சபையாருக்கும் வணக்கம். மணி அடிக்கிற தம்பி இப்போதே மணியைக் கையில் எடுத்துவிட்டார், ஆகவே நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

"ஆப்பிரிக்க விடுதிப் பள்ளிகளில் மிஷனரி பிள்ளைகளை ஆளாக்கியது பெற்ற வீடா, விடுதி வீடா?" இதுதான் தலைப்பு. நான் விடுதி வீட்டுப் பக்கம். நானும் என் வீட்டுக்காரரும் கென்யாவில், ரிஃப்ட் பள்ளத்தாக்கு ஓரத்தில், அப்படி ஒரு பள்ளியில் டார்ம் பேரன்ட்ஸாக, அதாவது விடுதிப் பெற்றோராக இருந்தோம். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். நான் பேசப் போகிற பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள், அவர்கள் கதை அவர்களுக்குச் சொந்தம்.

டார்ம் பேரன்ட்ஸ் என்றால் யார் என்று தெரியாதவர்களுக்காக: விடுதிக் கட்டடத்தோடு ஒட்டிய ஒரு சின்ன வீடு. சுவரில் ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் நம் குடும்பம், அந்தப் பக்கம் இருபது பிள்ளைகள். அந்தக் கதவை எந்த ராத்திரியும் பூட்ட முடியாது. அவ்வளவுதான் வேலை, அதுதான் வாழ்க்கை.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததில்லை. கென்யாவில் கிஜாபே மலைச்சரிவில் ரிஃப்ட் வேலி அகாடமியை 1906இல் ஆப்பிரிக்கா இன்லேண்ட் மிஷன் தொடங்கியது, 1909இல் அங்கே ஒரு கட்டடத்துக்கு அடிக்கல் வைத்தவர் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட். சாம்பியாவின் வடமேற்கு மூலையில் சகேஜி பள்ளி 1925இல் வந்தது, நைஜீரியாவில் ஜோஸ் நகரத்து ஹில்கிரஸ்ட் 1942இல். காங்கோவிலும் சூடானிலும் ஊழியம் செய்தவர்களுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது, ரோடு கிடையாது. ஆறு வயதுப் பிள்ளையைக் குட்டி விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். கிஜாபேயில் மூன்று மாதம் பள்ளி, ஒரு மாதம் வீடு, மறுபடி மூன்று மாதம் பள்ளி. கணக்குப் போட்டுப் பாருங்கள், வருஷத்தில் ஒன்பது மாதம் அந்தப் பிள்ளை கண் விழித்தது எந்த வீட்டில்?

சரி, இப்போது எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பிக்கு வருகிறேன். அவர் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் போனால் எனக்கு இன்று தூக்கம் வராது. என்ன சொன்னார்? "விடுதித் தாய் ஒரு வாடகைத் தாய். மாசச் சம்பளம் வாங்கிக்கொண்டு பாசம் காட்டுவார், லீவு விட்டதும் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காலை நீட்டிப் படுத்துவிடுவார்" என்றார். கைதட்டல் பறந்தது. முன் வரிசையில் இருக்கிற என் சொந்தச் சித்தியே தட்டினார்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தம்பி, எந்தச் சம்பளம்? கிஜாபே மாதிரி மிஷன் பள்ளிகளில் வாத்தியாரும், விடுதிப் பெற்றோரும் பெரும்பாலும் மிஷனரிகள்தான். பள்ளி அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. அவரவர் ஊர்ச் சபைகள், உறவுக்காரர்கள், நண்பர்கள் அனுப்புகிற காணிக்கையில்தான் வீட்டுச் செலவு நடக்கும். அதாவது அடுத்தவர் பிள்ளைக்குச் சோறு போட்டுத் தலை துவட்டிவிடுகிற பாக்கியத்துக்காக, ஒரு குடும்பம் ஊர் ஊராகச் சபை முன்னால் நின்று, எங்களைத் தாங்குங்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறது. நாங்களும் அப்படித்தான் போனோம். இந்தக் கூட்டத்திலேயே மாசா மாசம் அனுப்பியவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். வாடகை வாங்கிய தாயா இது? கையிலிருந்து வாடகை கொடுத்துவிட்டுத் தாயாக இருந்தவள் தம்பி இவள்!

அப்புறம், லீவு விட்டதும் காலை நீட்டிப் படுப்பது. டெர்ம் முடிகிற கடைசி ராத்திரியை நீங்கள் பார்க்க வேண்டும். இருபது டிரங்குப் பெட்டி, இருபது பட்டியல், யாருடைய ஒற்றைச் சாக்ஸ் யார் பெட்டியில் என்று விடிய விடியத் தேடல். ஒவ்வொரு துணியிலும் அம்மா பெயர்ப்பட்டை தைத்து அனுப்பியிருப்பார், மூன்று மாதச் சலவையில் பாதி பிய்ந்திருக்கும், அதை யார் உட்கார்ந்து மறுபடி தைத்தது? பிய்ந்த பட்டையோடு பிள்ளை போய் இறங்கினால் அந்த அம்மா மனசு கஷ்டப்படும் என்று நினைத்துத் தைத்தவள் பெயர் வாடகையா?

இப்போது ஒரு சம்பவம் சொல்கிறேன். மணி அடித்தாலும் இதை முடிக்காமல் இறங்க மாட்டேன் அண்ணாச்சி, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

எங்கள் விடுதியில் ஒரு கொரியப் பையன். ஏழு வயது. பெற்றோர் வடக்கே துர்கானா வறண்ட பூமியில், லோட்வாருக்கு அப்பால் ஊழியம் செய்தார்கள். அதிகம் பேச மாட்டான். அழவே மாட்டான். விடுதிகளில் வீட்டு ஏக்கம் எப்போதும் வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டுதான் வரும், சரியாக விளக்கணைத்துக் கால் மணி நேரத்தில் வரும், பாலில் கொதித்த ஒரு டம்ளர் சாயாவில் போய்விடும். இவனுக்கு வயிற்று வலிகூட வந்ததில்லை.

ஒரு ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அந்தக் கதவு தட்டுகிறது. திறந்தால் இவன். வாயை இறுக்கி மூடியிருக்கிறான், பைஜாமா காலரில் ரத்தம். கையைப் பிடித்தால் திறக்க மாட்டேன் என்கிறான். கெஞ்சிக் கூத்தாடித் திறந்தால் உள்ளே அரிசி மணி போல் ஒரு பல்.

அதற்குள் பின்னாலேயே அவன் அறைப் பையன்கள் வந்துவிட்டார்கள். அமெரிக்கப் பையன் சொல்கிறான், "ஆன்ட்டி, தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னேன், காசு வரும் என்றேன், கேட்க மாட்டேன் என்கிறான்." இவன் தலையை ஆட்டுகிறான். விரலை மேலே காட்டுகிறான். மேலே என்ன? விட்டம். விட்டத்துக்கு மேலே? கூரை!

அண்ணாச்சி, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் பாட்டிமார் என்ன செய்வார்கள்? விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறியச் சொல்வார்கள். கொரியாவிலும் கூரை மேல்தான் எறிவார்களாம். அங்கே கறுப்பும் வெள்ளையுமாய்க் காக்கை இனத்துப் பறவை ஒன்று உண்டு, பழைய பல்லை எடுத்துக்கொண்டு புதுப் பல்லைத் தா என்று அதனிடம் கேட்பார்களாம். இத்தனை பேர் இருந்த அந்த விடுதியில் அவன் விரலுக்கு அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

விளக்கணைத்த பிறகு பிள்ளைகள் வெளியே வரக்கூடாது என்பது விதி. அன்று இருபது பேரும் வெளியே. ஸ்வெட்டர், போர்வை, டார்ச் லைட். அந்த மலைச்சரிவில் ராத்திரி காற்று ஆளைத் தள்ளும். பையன் குறி பார்த்து எறிந்தான். பல் கூரையில் விழவில்லை, தண்ணீர் போகும் தகரத்தில் பட்டுப் புல்லில் விழுந்தது. இருபது டார்ச்சும் புல்லில். அரிசி மணி அளவுப் பல்லை ராத்திரியில் புல்லில் தேடியிருக்கிறீர்களா? கல்லெல்லாம் பல்லாகத் தெரிகிறது. "கிடைத்துவிட்டது ஆன்ட்டி!" என்று ஒவ்வொருவனாக ஒரு கல்லைக் கொண்டு வருகிறான். கடைசியில் ஒரு கென்யப் பையன் முட்டி போட்டுத் தடவித் தடவிக் கண்டுபிடித்தான், அவனை எல்லோரும் தூக்கிவிட்டார்கள்.

இரண்டாவது தடவை என் வீட்டுக்காரர் எறிந்தார். அவர் காலேஜில் பந்து வீசியவர், அருமையாகப் போய் உச்சியில் விழுந்தது. ஆனால் அது வரிவரியான தகரக் கூரை. டக்... டக்... டக்... டக்... என்று அந்தப் பல் வரி வழியாக இறங்கி வருகிற சத்தம் இருக்கிறதே! இருபது பிள்ளைகளும் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே நிற்கிறார்கள். மறுபடி புல். மறுபடி டார்ச்.

பையன் முகம் விழுந்துவிட்டது. பறவைக்குப் பிடிக்கவில்லையோ என்று கேட்டான். நடுவர் அவர்களே, அவன் அவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டது அன்றுதான்.

எனக்குச் சட்டென்று பாட்டி ஞாபகம். சாணிக்கு அந்த நேரத்தில் எங்கே போவது? அடுப்படிக்கு ஓடினேன். ராத்திரிச் சாப்பாட்டில் மிஞ்சிய உகாலி இருந்தது. உகாலி என்றால் சோள மாவுக் களி, ஆறினால் சுவரில் ஒட்டும். அதைப் பிடித்து உருட்டி, நடுவில் பல்லை வைத்து, அவன் கையிலேயே கொடுத்து, எறி என்றேன். எறிந்தான். தப்! ஒரு சத்தம், அவ்வளவுதான். காத்திருந்தோம். டக் டக் வரவில்லை. ஒட்டிக்கொண்டது! அந்த விடுதி போட்ட கூச்சலில் பக்கத்து விடுதியில் விளக்கெல்லாம் எரிந்தது.

கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? விடிந்ததும் பையன் ஜன்னலில். கூரை உச்சியில் ஒரு காக்கை. ஆப்பிரிக்காவில் ஒரு வகைக் காக்கைக்குக் கழுத்தும் நெஞ்சும் வெள்ளையாக இருக்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும். கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு பறவை வந்து உட்கார்ந்து, அந்த உருண்டையைக் கொத்தி, தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவன் ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டான், கொரிய மொழியில் படபடவென்று ஏதேதோ சொன்னான், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, எல்லாம் புரிந்தது. அடுத்த வாரம் முழுக்க அந்த விடுதியில் பல் ஆடாதவனும் பல்லை ஆட்டிக்கொண்டு திரிந்தான். சாப்பாட்டு மேஜையில் உகாலியை யாரும் மிச்சம் வைக்கவே இல்லை, எல்லாம் பைக்குள் போனது!

பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தது பெற்ற அம்மாதானே என்று எதிரணி எழுந்திருப்பார்கள். ஆமாம், அவர்தான். நான் கேட்பது ஒன்றுதான்: பல் விழுந்த ராத்திரி கதவைத் திறந்தது யார்?

2002 செப்டம்பரில் ஐவரி கோஸ்டில் உள்நாட்டுச் சண்டை வெடித்தபோது, புவாக்கே நகரத்து மிஷனரி பிள்ளைகளின் பள்ளி துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. பிரெஞ்சுப் படை வந்து மீட்கும்வரை நாட்கணக்கில் பிள்ளைகளோடு உள்ளே இருந்தவர்கள் பள்ளியின் பெரியவர்கள். பெற்றவர்களில் பலர் எங்கெங்கோ தூர ஊர்களில் முழங்காலில் நின்றிருப்பார்கள்.

எதிரணி அக்கா கினியா நாட்டு மாமூ பள்ளியைச் சொன்னார்கள். 1971இல் மூடிய பள்ளி அது. அங்கே அடிபட்ட, சீரழிக்கப்பட்ட பிள்ளைகள் பெரியவர்களாகி விடாமல் கேட்டதால், 1990களில் அந்தப் பள்ளியை நடத்திய மிஷன் தனி விசாரணைக் குழு வைக்க வேண்டியதாயிற்று. குற்றம் செய்தவர்களில் விடுதிப் பெரியவர்களும் உண்டு. அதை மறுக்க மாட்டேன் அக்கா, நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அதுவே என் கட்சிக்கும் சாட்சி. வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தைக்கூட விடுதியில் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பிய காலத்தில், பெற்றவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தும் அவர்களுக்குத் தெரியவே இல்லை. விடுதி வீடு நல்லதானால் பிள்ளை பிழைத்தது, கெட்டதானால் பிள்ளையின் வாழ்நாளே கெட்டது. ஆளாக்குகிற கை எது என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா?

விடுதித் தாய் என்ன இழந்தாள் என்று யாராவது கேட்டீர்களா? ராத்திரி ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் போர்வை இழுத்துவிட்டு, ஜெபம் பண்ணி, தலையைத் தொட்டுவிட்டு வருவேன். எல்லாம் முடித்துக் கதவுக்கு இந்தப் பக்கம் வந்தால் என் சொந்த மகள் தூங்கியிருப்பாள். ஒரு ராத்திரி சுற்றி வந்தபோது காலியாக இருந்த கட்டிலில் யாரோ போர்வைக்குள் படுத்திருந்தார்கள். விலக்கினால் என் மகள். "இங்கே படுத்தால் நீங்கள் வருவீர்கள்தானே அம்மா?" என்றாள்.

(கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.)

அந்தக் கொரியப் பையனின் அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். டெர்ம் முடிவில் அழைத்துப் போக வந்தார். வெயிலில் கறுத்து, மெலிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. பையன் விளையாடப் போனதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "நைரோபியில் ஷூ வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். இப்போது அவனுக்கு எத்தனாம் நம்பர்?" என்று கேட்டார். நம்பரைச் சொன்னேன், இடது கால் கொஞ்சம் பெரிது என்றும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

மிஷனரி பிள்ளைகளுக்கென்றே இருக்கிற நம் டோனாவூர்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வட நாட்டில் ஊழியம் செய்கிற அம்மாக்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். நீங்கள் எதை எதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அன்று அந்த அம்மாவின் முன்னால் நான்தான் பெரியவள் என்று நிற்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து அழுதோம், சாயா ஆறிப்போனது.

மணி அடித்துவிட்டது, கேட்டது தம்பி. அண்ணாச்சி, தீர்ப்பை விடுதி வீட்டுக்கே கொடுங்கள், அதில் நான் இறங்கி வர மாட்டேன். கொடுப்பதற்கு முன்னால் அந்தத் துர்கானா அம்மாவுக்காக இந்தக் கூட்டத்தை ஒரு தடவை கைதட்டச் சொல்லுங்கள், சித்தி, நீங்களும் தட்டுங்கள். நன்றி, வணக்கம்.