ஒரு நதியின் ஆபத்தைக் கணிக்கும் அந்த 15 விநாடிகள்

வணக்கம். அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சுற்றியுள்ள ஓடைகளுக்கு முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து திரும்பி வரும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்த சில மணி நேரத்திலேயே நீர்ப்பரப்பில் வாயைப் பிளந்தபடி வட்டமடித்து, வயிற்றில் சுமந்த முட்டைகளோடு செத்து மிதந்தன. ஆண்டுக்கணக்கில் காரணம் பிடிபடவில்லை. கொலையாளி யார் என்பது 2020-இல் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன், ஒரு வேதிப்பொருள் நதிக்கு ஆபத்தானதா என்பதை எவ்வாறு கணக்கிடுகிறார்கள் என்று பார்த்துவிடுவோம். தயவுசெய்து வீடியோவை ஓட்டிவிடாதீர்கள், மர்மத்தின் முடிச்சே அங்குதான் இருக்கிறது.

கணக்கு ஒரே ஒரு வகுத்தல்தான். நீரில் அளந்த செறிவை, உயிர்களுக்குத் தீங்கு நேராது என்று கருதப்படும் செறிவால் வகுக்க வேண்டும். இந்த இடர் ஈவு ஒன்றைத் தாண்டினால் கவலைக்குரியது. மேலே உள்ள எண்ணைக் கருவி தந்துவிடும். கீழே உள்ள எண் எங்கிருந்து வருகிறது?

(திரையில்: நுண்ணோக்கியின் கீழ் டாப்னியா)

இதோ, இவரிடமிருந்துதான். டாப்னியாவை நீர்த்தெள்ளு என்று அழைத்தாலும், இது இறாலுக்கும் நண்டுக்கும் உறவான உயிரி. உடல் கண்ணாடியைப் போல இருப்பதால் உள்ளே இதயம் படபடவெனத் துடிப்பதையே பார்க்கலாம். பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குஞ்சுகளை, ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது இருபது என்ற கணக்கில், பெரும்பாலும் குவளைக்கு ஐந்தாகப் பிரித்து, உணவின்றி 48 மணி நேரம் வேதிப்பொருள் கலந்த நீரில் விட்டுவைக்கிறார்கள். பிறகு குவளையை மெல்ல அசைத்துவிட்டு 15 விநாடிகள் காத்திருக்கிறார்கள். அதற்குள் நீந்தாத குஞ்சு 'அசைவிழந்தது' என்று குறிக்கப்படுகிறது. அது உயிரோடிருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. வேதிப்பொருளே கலக்காத நீரில் உள்ள குஞ்சுகளில் பத்து சதவீதத்துக்கு மேல் அசைவிழந்தால் சோதனை முழுவதும் செல்லாது. அப்போது கோளாறு நதியில் இல்லை, ஆய்வகத்தில்தான்!

பாசியின் வளர்ச்சியை 72 மணி நேரமும் மீனை 96 மணி நேரமும் இதேபோல் சோதிக்கிறார்கள். குறுகிய காலச் சோதனைகள் மட்டுமே கையில் இருந்தால், இச்சோதனைகளில் பாதியளவு பாதிப்பை உண்டாக்கிய செறிவுகளில் மிகச் சிறியதை எடுத்து ஆயிரத்தால் வகுப்பது ஐரோப்பிய வழக்கம். அந்த ஆயிரம், என் பார்வையில், நமது அறியாமைக்கு நாமே விதித்துக்கொள்ளும் அபராதம். நீண்ட காலச் சோதனைகள் சேரச் சேர அது 100, 50, 10 என்று குறையும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். மிகச் சிறிய எண் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம். ஆயிரத்தால் வகுத்தால் 0.2. நதியில் அளந்தது 0.5 என்றால் ஈவு 2.5, அதாவது ஆபத்து. அதே பொருளின் நீண்ட காலச் சோதனைகளில் 10 மைக்ரோகிராம் வரை தீங்கில்லை என்று தெரியவந்தால், பத்தால் வகுத்து 1 என்று வைப்பார்கள், ஈவு 0.5 ஆகிவிடும். நதியில் ஒரு துளிகூட மாறவில்லை, தீர்ப்பு மட்டும் தலைகீழாகிவிட்டது!

இப்போது சால்மனிடம் திரும்புவோம். காற்றிலுள்ள ஓசோன் வாயு பட்டு டயரின் ரப்பர் விரிசல் விடாமலிருக்கச் சேர்க்கப்படும் 6பிபிடி என்ற பொருள், அந்த ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. அதைத்தான் மழைநீர் சாலையிலிருந்து ஓடைக்கு அடித்துச் செல்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே கோஹோ மீன்களில் பாதி இறந்துவிடும் என்று பின்னர் அளந்தார்கள். ஆனால் நெருங்கிய உறவான சம் சால்மனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நமது டாப்னியாவோ, நீரில் எவ்வளவு கரையுமோ அவ்வளவு கரைத்த பிறகும் குறுகிய காலச் சோதனையில் தாக்குப்பிடித்து, அந்த 15 விநாடிகளுக்குள் உற்சாகமாக நீந்திக் காட்டிவிட்டது.

வகுத்தலில் மேலே உள்ள எண்ணும், அதாவது நீரில் அளந்த செறிவும், இங்கே ஏமாற்றக்கூடியதுதான். நச்சு மழையோடு வந்து சில மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை வெயில் நாளில் நிரப்பும் குப்பியில் அது சிக்குவதற்கு வாய்ப்பே குறைவு. நீர்மட்டம் ஏறத் தொடங்கியதும் தானாகவே குப்பிகளை நிரப்பிக்கொள்ளும் கருவிகள் உண்டு, ஆனால் விலை அதிகம். கையில் இருக்கும் பணத்தை நீங்கள் அந்தக் கருவிக்குச் செலவிடுவீர்களா, இன்னொரு மீன் இனத்தைச் சோதிப்பதற்கா? காரணத்தோடு கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நான் கருவியின் பக்கம்.