வீட்டில் யாருக்கெல்லாம் லீவு?

நேயர்களுக்கு வணக்கம். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன் நான், சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போய் வருவதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கே போகலாம் என்பதைவிட, அந்த ஒரு நாள் வீட்டில் யாருக்கெல்லாம் லீவு என்பதைத்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

எங்களைப் போன்றவர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். வீட்டில் சமைக்கிறவருக்கு அப்படி எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போகலாம் என்று நாம் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிடுகிறோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிசாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி எடுத்துவைத்து, எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வந்த அந்த அம்மா, பென்னாகரம் தாண்டி பஸ் மலை இறங்கும்போது ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

இத்தனைக்கும் ஒகேனக்கல்லுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகவே வேண்டியதில்லை. கட்லா, ரோகு, கெளுத்தி, வாளை என்று அங்கேயே மீன் கிடைக்கிறது, சமைத்துக் கொடுக்க அந்த ஊர்ப் பெண்களே இருக்கிறார்கள். மீனைக் கொடுத்தால் மிளகாய்த்தூள், புளி, தக்காளி, எண்ணெய், அரிசி என்று என்னென்ன வேண்டும் என்று சொல்வார்கள், வாங்கிக் கொடுத்துவிட்டு நாம் பாட்டுக்குப் பரிசல் ஏறப் போய்விடலாம். குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்பி வந்தால் விறகடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், வறுவல் அப்போதுதான் எண்ணெயில் விழும். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், ஆனால் அடித்துப் பேசாதீர்கள், அவர்களுக்கு அதுதான் பிழைப்பு.

அங்கே போன பிறகும் ஒன்று நடக்கும். ஆண்கள் எண்ணெய் மசாஜுக்குப் படுத்துவிடுவார்கள். பை, செருப்பு, செல்போன், சின்னப் பிள்ளை எல்லாவற்றுக்கும் காவல் வீட்டுக்காரம்மாதான். முதலில் அவர் போய் ஆசைதீரக் குளித்துவிட்டு வரட்டுமே, நாம் உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொண்டால் என்ன?

ஆடி மாதத்தில் போகிறவர்கள் மட்டும் காலைச் செய்தியைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கர்நாடகாவில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் தண்ணீர் அதிகமாகத் திறந்துவிட்டால், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறும், மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை போட்டுவிடும். தடை என்றால் தடைதான், ஓரமாக நின்று குளிக்கலாம் என்று இறங்காதீர்கள். அன்றைக்குக் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போகலாம், பூங்காவில் பிள்ளைகள் ஓடியாடும். முழங்கால் வலி இல்லாதவர்கள் என்றால் அரூர் பக்கம் தீர்த்தமலை ஏறலாம். எங்கே போனாலும் மதியம் ஹோட்டலில் சாப்பிடுங்கள், அதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் வீடு திரும்ப எப்படியும் ராத்திரி ஏழு, எட்டு ஆகிவிடும். வரும் வழியிலேயே இட்லி பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத்துணியை நீங்களே அலசிக் காயப்போட்டுவிடுங்கள். மறுநாள் காலை ஷிப்ட் இருந்தால் டிபன் பாக்ஸ் வேண்டாம், கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று படுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வணக்கம்.