மான் உலவும் ஊரில் ஒரு பிரக்கிராசியார்

தலைமை தாங்கும் ஓய்வுநிலை அதிபர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிவாச்சாரியார் அவர்களே, மௌலவி அவர்களே, அருட்தந்தை அவர்களே, விகாரையிலிருந்து வந்திருக்கும் தேரர் அவர்களே, நீதிமன்றத்திலிருந்து நேரே கறுப்புக் கோட்டோடு வந்து சேர்ந்த சட்டத்தரணிமாரே, மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ் பிடித்து வந்த பெரியோர்களே, தாய்மாரே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

அதிபர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் நான் தொடங்கக் கூடாது. எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குப் படிப்பித்தவர் அவர். சற்று முன் எனக்குப் பொன்னாடை போர்த்தியபோது அவருடைய கை நடுங்கியதை நான் உணர்ந்தேன். இந்த வயதிலும் படியேறி வந்தாரே, அதற்கு நான் என்ன கைமாறு செய்வேன்! மௌலவி அவர்கள் மஃரிப் தொழுகைக்குப் போக வேண்டும். அதற்குள் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வாசிகசாலையாருக்கும், ஒலிபெருக்கி தந்த தம்பிக்கும் நன்றி.

இன்று நாம் நினைவுகூரும் பெரியவரைத் திருகோணமலை ஊர் பிரக்கிராசியார் என்றுதான் கூப்பிட்டது. மேடையில் பெயர் சொல்லிப் புகழ்வதை அவர் விரும்பமாட்டார். ஆகையால் நானும் அப்படியே சொல்கிறேன். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் வழக்கறிஞருக்குள் இருந்த அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற இரண்டு வகுப்பையும் ஒன்றாக்கி எல்லாரையும் சட்டத்தரணி ஆக்கியது. சட்டம் மாறியது, ஊரின் வாய் மாறவில்லை. கடைசி வரைக்கும் அவர் பிரக்கிராசியார்தான்.

அவர் வாயில் எப்போதும் இருந்த பழமொழி ஒன்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. கட்சிக்காரன் காசு கொடுத்தால் எண்ணி வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதும்போது சொல்வார். இளம் சட்டத்தரணி ஒருவர் மன்றில் அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தால் தோளில் தட்டிச் சொல்வார். தூண்டில் கயிற்றைக் கடலில் விடும்போதும் அதே பேச்சு.

இன்று மூன்று விடயங்கள் பேச நினைத்து வந்தேன். அவர் வழக்காடிய விதம். அவர் நடந்த நாடுகள். நம் ஊர் மான்களின் நிலை.

வழக்கிலிருந்தே தொடங்குகிறேன். 1976, ஆனி மாதம். எனக்குப் பத்தொன்பது வயது. அவருடைய கந்தோரில் கோப்புத் தூக்கும் பையன் நான். வெருகல் ஆற்றுப் பக்கம் ஒரு காணி வழக்கு. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசி ஆறு வருசம். காணி உறுதிப் பத்திரத்தில் வடக்கெல்லை ‘பாலைமரம்’ என்று மட்டும் இருந்தது. அண்ணன் ஒரு மரத்தைக் காட்டினான், தம்பி வேறொன்றைக் காட்டினான். பிரக்கிராசியார் மேசையிலிருந்து எழும்பி, “தம்பி, சயிக்கிளை எடு” என்றார்.

இங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன் துறையில் காத்திருந்து ‘பாதை’ என்ற மிதவைப் படகு ஏறித்தான் அக்கரைக்குப் போவோம். அதுவும் ஒரு பாதையோடு முடியாது. உப்பாறு, கங்கை, இறால்குழி என்று வழிநெடுகத் துறைகள். கச்சான் காற்று நெருப்பாய் வீச, இரண்டு சயிக்கிளையும் ஏற்றி இறக்கி, வெருகலுக்குப் போகையில் பொழுது சாய்ந்துவிட்டது. ஆற்றங்கரையில் ஒரு வாடி. வாழையிலையில் கட்டிக்கொண்டு போன சோறும், ஒரு மீன் ரின்னும். சாப்பிட்டு முடித்து இலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ரின்னை நான் ஆற்றிலே வீசிவிட்டேன். ‘டொப்’ என்று சத்தம்.

அவர் ஒன்றும் பேசவில்லை. சாரத்தை மடித்துக் கட்டினார். டோர்ச் லைற்றை என் கையில் தந்து, “தண்ணிக்கு மேலே பிடி” என்று சொல்லிவிட்டு இறங்கினார். முதலை கிடக்கிற ஆறு அது! நான் அழாக்குறையாக, “வேண்டாம் ஐயா, நான் எடுக்கிறேன்” என்று கெஞ்சினேன். முழங்கால் அளவு தண்ணீரில் காலால் துழாவித் துழாவி, அந்த ரின்னை எடுத்துக்கொண்டுதான் கரையேறினார். அப்போதுதான் சொன்னார்: “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு எண்டு சொல்லுறது. நீ அளந்தனியா? இது இந்த ஆற்றுக்குள்ளே எத்தனை வருசம் கிடக்கும் எண்டு கணக்குப் பார்த்தனியா?” அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நித்திரை வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆனி என்றால் பாலைப்பழக் காலம். பழத்துக்குக் கரடி வரும். நடுச்சாமத்தில் மரத்தடியில் மூச்சுச் சத்தமும் கொப்பு முறிகிற சத்தமும். அவர் என் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். காட்டுக்குள் நாம்தான் விருந்தாளி, கரடி வீட்டுக்காரன் என்று பிறகு சொன்னார். அது வயிறாரத் தின்றுவிட்டுப் போகும்வரை இருந்த இடத்திலேயே இருந்தோம்.

விடிந்ததும் கரடி நின்ற இடத்தைப் பார்க்கப் போனோம். அங்கேதான் கண்டோம், பற்றைக்குள்ளே பெரிய பாலையின் அடிக்கட்டை ஒன்றை. ஆற்றோரத்து வயசான ஐயா ஒருவரைக் கூட்டிவந்து கேட்டோம். “அது 64 புயலிலே விழுந்த மரம் தம்பி” என்றார். 1964 டிசம்பரில் திருகோணமலையை அடித்துப் போட்ட அதே புயல்தான். அண்ணன் காட்டியதும் தம்பி காட்டியதும் பிறகு வளர்ந்த மரங்கள்! பிரக்கிராசியார் அந்தக் கட்டையிலிருந்து காலடியால் அளந்து ஒரு தடி நட்டார். அண்ணன் தம்பி இருவரையும் அங்கேயே கூப்பிட்டு நிறுத்தினார். வழக்கு மன்றுக்கு வரவேயில்லை. மூதூர்க் கடையில் நாலு பேரும் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் பாதை ஏறினோம். அந்த மீன் ரின் சயிக்கிள் கரியரில் கட்டுண்டு திருகோணமலை வரைக்கும் வந்தது.

இனி அவர் நடந்த நாடுகள். ஆடிக் கொடியேற்றத்துக்குக் கதிர்காமப் பாதயாத்திரைக்காரரோடு வெருகலிலிருந்து ஒகந்தை, குமுக்கன், யால என்று காட்டுவழியே இரண்டு தரம் நடந்தவர். நம் கோணமலையைத் தட்சிண கைலாசம் என்கிறோமே, வடக்கே இருக்கும் கைலாசத்தையும் கண்ணால் பார்க்க வேணும் என்று ஐம்பத்தெட்டு வயதில் போனார். ஏறத்தாழ 52 கிலோமீற்றர் கிரிவலம். வழியில் 5,600 மீற்றருக்கு மேலே ஒரு கணவாய். அந்தப் பயணத்து நாட்குறிப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. அதிலே ஒரு பக்கத்தில், கொண்டுபோன பிஸ்கற் உறை பதினெட்டு, திருப்பிக் கொண்டுவந்தது பதினெட்டு என்று எழுதிக் கையொப்பமும் வைத்திருக்கிறார்.

ஜப்பானில் நாரா என்ற ஊருக்கும் போனார். பெரியோர்களே, இந்த நாராவுக்காகத்தான் நான் இன்று மேடையேறினேன். அங்கேயும் நம் ஊரைப் போல மான்கள் நகரத்துக்குள்ளே உலவுகின்றன. ஆயிரத்துக்கு மேலே. கசுகா கோயிலின் தெய்வ மான்கள் என்று காலங்காலமாகப் போற்றுகிறார்கள். 1957இல் அவற்றை இயற்கை நினைவுச்சின்னம் என்று அரசே அறிவித்தது. தவிட்டில் சுட்ட பிஸ்கற்றைக் கடதாசிப் பட்டி கட்டித்தான் மானுக்கென்று விற்கிறார்கள். அப்படிப் பார்த்த ஊரிலேயே 2019இல் என்ன நடந்தது? சில மாதங்களுக்குள் செத்த 14 மான்களில் 9இன் வயிற்றில் பிளாஸ்ரிக். ஒன்றின் வயிற்றில் மட்டும் 4 கிலோவுக்கு மேலே.

நம் நிலை என்ன? பிரட்றிக் கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்கள் பொழுதுபட்டால் கடற்கரைக்கும் பஸ் நிலையப் பக்கத்துக்கும் வருகின்றன. குப்பையைக் கிளறுகின்றன. சோற்றுப் பார்சலின் மணமும் கறியின் உப்பும் சொப்பிங் பையில் ஒட்டியிருக்கிறதல்லவா, அதையும் சேர்த்தே விழுங்குகின்றன. மான் அசைபோடும் பிராணி. அந்தப் பை இரைப்பைக்குள் சுருண்டு கட்டியாகிக் கிடக்கும். வயிறு நிறைந்தபடியே அது பட்டினியில் சாகும். சோறு கட்டும் லஞ்ச் சீற்றையும் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனையும் 2017 செப்டெம்பரில் தடைசெய்தார்கள். நேற்று மாலை கோட்டை வாசலிலிருந்து கடற்கரை வரை நான் நடந்தேன். எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பதினொன்றுக்குப் பிறகு எண்ண மனம் வரவில்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றவர் இருந்திருந்தால் சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார். எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. குனிந்தால் முதுகு பிடிக்கிறது. ஆனாலும் குனிகிறேன்.

நகரத்தை ஆளும் பொறுப்பில் உள்ளவர்களிடம் நாம் கேட்பது மூன்றே மூன்று. மான் வாய் வைக்க முடியாத மூடிபோட்ட தொட்டிகள். கோடையில் கோட்டைக்குள் தண்ணீர்த் தொட்டி. சாப்பாட்டுக் கடைகளில் பழையபடி வாழையிலை. விண்ணப்பம் வாசலில் மேசையில் இருக்கிறது. தேரர் அவர்கள் வந்தவுடனேயே முதல் கையொப்பம் வைத்துவிட்டார்கள். அவருக்குக் கீழே மௌலவி அவர்களின் கையொப்பம். இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோட்டை வாசலில் கூடுகிறோம். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். சாக்கும் கையுறையும் நான் கொண்டுவருகிறேன்.